மின்கம்பி வழியே ஓடும் ஹெலிகாப்டர்



திரங்கானு மாநிலத்தின் கெர்தேயிலிருந்தும் சரவாக்கின் மீரியிலிருந்தும் கடலில் உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவற்றில் போய் வருபவர்கள் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். தண்ணீரில் விழுந்தால் சன்னலை எப்படித் தள்ளித் திறப்பது என்பதற்கும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். ஆனால் விமானியின் கையில் இருக்கும் பிடிக்கும் தலைக்குமேல் சுழலும் பெரிய விசிறிக்கும் இடையே என்ன தொடர்பு இருக்கிறது என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். அந்தத் தொடர்பு பல்லாண்டுகளாக இரும்பாலும் அலுமினியத்தாலும் ஆன தண்டாக இருந்து வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு மின்கம்பியையும் கணினியையும் வைக்க வேண்டும் என்ற முயற்சி வணிக ஹெலிகாப்டர் தொழிலில் நடந்து வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், ஹெலிகாப்டரை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்ப்போம். விமானியின் இடக்கைப் பக்கம் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் தூக்கினால் விசிறியின் எல்லா இறக்கைகளும் ஒரே அளவில் கோணம் மாறிக் காற்றை அதிகமாக அள்ளும், ஹெலிகாப்டர் மேலெழும். தாழ்த்தினால் இறங்கும். இதற்குக் கலெக்டிவ் என்று பெயர். வலக்கையில் ஒரு பிடிகோல் இருக்கும். முன்னே தள்ளினால் முன்னே போகும். பக்கத்தில் சாய்த்தால் பக்கவாட்டில் போகும். இது சைக்ளிக். கால்களுக்குக் கீழே இரண்டு பெடல்கள். அவை வாலில் உள்ள சிறு விசிறியைக் கட்டுப்படுத்தி, மூக்கை இடமாகவோ வலமாகவோ திருப்பும். இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் வாகனம் இது.

சுழன்றுகொண்டிருக்கும் இறக்கையின் கோணத்தை, சுழலாமல் உட்கார்ந்திருக்கும் விமானி எப்படி மாற்றுகிறார்? இதற்கு ஒரு நல்ல உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். விசிறியின் தண்டைச் சுற்றி இரண்டு தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கீழ்த்தட்டு சுழலாது, மேல்தட்டு விசிறியோடு சேர்ந்து சுழலும். கீழ்த்தட்டு சாய்ந்தால் மேல்தட்டும் சாயும், ஏறினால் ஏறும். மேல்தட்டிலிருந்து ஒவ்வோர் இறக்கைக்கும் ஒரு சிறு தண்டு போகிறது. தட்டு முழுவதும் ஏறினால் எல்லா இறக்கைகளின் கோணமும் ஒன்றுபோல மாறும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால், ஓர் இறக்கை சுற்றி வரும்போது ஒரு பக்கத்தில் அதிகக் கோணமும் எதிர்ப்பக்கத்தில் குறைந்த கோணமும் பெறும். இந்த அமைப்புக்கு ஸ்வாஷ் பிளேட் என்று பெயர். விமானியின் கைக்கும் இந்தத் தட்டுக்கும் நடுவே உள்ள வழிதான் இன்றைய பொருள்.

பழைய முறையில் அந்த வழி முழுவதும் தண்டுகளும் மடக்கு நெம்புகளும் மூட்டுகளுமாக இருக்கும். அவை இருக்கைக்கு அடியில் தொடங்கி, சுவர்க்கட்டின் உள்ளே ஏறி, கூரைக்கு மேலே போய்ச் சேரும். பெரிய ஹெலிகாப்டரில் மனிதக் கை வலிமை போதாது. எனவே கடைசிக் கட்டத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் உருளைகள் துணைக்கு வருகின்றன. இம்முறையை இழிவாக எண்ணிவிடக்கூடாது. தண்டைக் கண்ணால் பார்க்கலாம், கையால் அசைத்துப் பார்க்கலாம். ஒரு மூட்டு தேய்ந்திருந்தால் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரின் விரல்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் தண்டுக்கு எடை உண்டு, மூட்டுக்குத் தேய்மானம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டுக்கு அறிவு கிடையாது. விமானி எவ்வளவு தள்ளினாரோ அவ்வளவு தள்ளும், அவ்வளவுதான்.

அறிவு எதற்கு என்று கேட்கலாம். பயணிகள் விமானத்தைச் சீராகப் பறக்கவிட்டுக் கையை எடுத்தால், சிறிது நேரம் அது தன் போக்கில் நேராகவே போகும். ஹெலிகாப்டர் அப்படிப்பட்டதன்று. ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர், கவிழ்த்துவைத்த கிண்ணத்தின் மேல் நிறுத்திய கோலிக்குண்டைப் போன்றது. சிறிது நகர்ந்தாலும் மேலும் நகரத்தான் பார்க்கும். அதோடு ஒரு கட்டுப்பாடு மற்றொன்றைத் தொந்தரவு செய்யும். இடக்கையைத் தூக்கினால் எஞ்சினின் முறுக்கு கூடி மூக்கு திரும்பும். அதைக் காலால் திருத்த வேண்டும். காலால் திருத்தினால் உடல் பக்கவாட்டில் நகரும். அதை வலக்கையால் திருத்த வேண்டும். பகலில் தொடுவானம் தெரியும்போது இதெல்லாம் பழகிய விமானிக்கு மூச்சுவிடுவது போன்றது. இரவில், மழையில், ஒற்றை விளக்கு மட்டும் தெரியும் கடல்மேடையை நோக்கி இறங்கும்போது, எது மேல் எது கீழ் என்பதிலேயே மனம் ஏமாந்துவிடக்கூடும்.

இதற்காகத் தண்டு முறையிலேயே தன்னியக்கக் கருவிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவை இன்றும் பயனில் உள்ளன. ஆனால் அக்கருவிகள் பழுதுபட்டுத் தவறாகத் தள்ளினாலும் விமானியால் மீட்க முடிய வேண்டும் என்பதற்காக, உடனடித் திருத்தங்களில் அவற்றுக்குச் சிறு பங்கு அதிகாரமே கொடுக்கப்படும். பெரிய வேலை முழுவதும் விமானியின் கையிலேயே இருக்கும்.

மின்கம்பி முறை இதைத் தலைகீழாக மாற்றுகிறது. ஆங்கிலத்தில் ஃபிளை பை வயர் என்பார்கள். விமானி பிடியை அசைத்ததும் ஓர் உணர்கருவி அதை அளந்து மின்குறிப்பாக அனுப்புகிறது. கணினி அதைப் பெற்று, அப்போது ஹெலிகாப்டர் எப்படிச் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் மற்ற உணர்கருவிகளிடம் கேட்டறிந்து, தட்டை எவ்வளவு அசைக்க வேண்டும் என்று முடிவுசெய்து உருளைகளுக்கு ஆணையிடுகிறது. கவனியுங்கள்: விமானி இப்போது தட்டுக்கு ஆணையிடுவதில்லை, தம் விருப்பத்தைக் கணினியிடம் சொல்கிறார். “இந்த இடத்திலேயே நில்” என்பது அவர் விருப்பமானால், பிடியை விட்டுவிடலாம். காற்றடித்தால் திருத்துவதும், முறுக்கு கூடினால் வாலைச் சரிசெய்வதும் கணினியின் வேலை. நமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், குதிரையின் கால்களை ஒவ்வொன்றாக நகர்த்துவதை விட்டுவிட்டுக் கடிவாளத்தைப் பிடிப்பது போன்றது.

விமான உலகில் இம்முறை பழையது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1972ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், எஃப் 8 என்னும் போர்விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டுகளை நீக்கிவிட்டு, சந்திரனுக்குச் சென்ற அப்போலோ விண்கலத்திற்காக உருவாக்கிய கணினியை வைத்துப் பறக்கவிட்டது. ஏர்பஸ் ஏ 320 பயணிகள் விமானம் 1987இல் முதன்முதலாகப் பறந்து 1988இல் சேவைக்கு வந்தபோது, இலக்கமுறை மின்கம்பிக் கட்டுப்பாடு சாதாரணப் பயணிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இராணுவ ஹெலிகாப்டர்களிலும் அது நுழைந்தது. அமெரிக்காவின் கொமான்ச்சி 1996இல் பறந்தது. 2004இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் கூடிச் செய்த என்எச் 90, முழுமையாக மின்கம்பி முறையில் ஓடும் ஹெலிகாப்டர்களில் தொடர் உற்பத்திக்கு வந்த முதலாவது.

அப்படியானால், அதிகத் தேவை உள்ள வணிக ஹெலிகாப்டருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? காரணத்தைப் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். கட்டுப்பாட்டுக் கணினி முற்றாகச் செயலிழந்தால் உயிர்கள் போய்விடும் என்பதால், அத்தகைய பேரழிவுப் பழுது நூறு கோடி பறப்பு மணிகளில் ஒருமுறை நேர்வதைவிடவும் அரிதாக இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதிகள் கேட்கின்றன. நூறு கோடி மணி என்பது ஏறத்தாழ 1,14,000 ஆண்டுகள். இதை மெய்ப்பிக்க ஒரே வேலையைச் செய்யும் பல கணினிகளை வைத்து, ஒன்றின் விடையை மற்றொன்று சரிபார்க்கச் செய்ய வேண்டும். மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும். ஏ 320 குடும்ப விமானங்கள் பத்தாயிரத்துக்கு மேல் விற்றன. செலவு அத்தனைக்கும் பங்கிடப்பட்டது. பெரிய வணிக ஹெலிகாப்டர் ஒன்று சில நூறு விற்றாலே வெற்றி. ஆனால் சோதனைச் செலவு அதற்கேற்பக் குறைவதில்லை. போர்க்கருவிக்கு அரசாங்கம் பணம் கொடுத்துவிடும். எண்ணெய் நிறுவனத்துக்கு ஆள் ஏற்றும் ஹெலிகாப்டருக்கு யார் கொடுப்பார்கள்?

இத்தடையைத் தாண்ட முன்வந்தது டெக்சஸ் மாநிலத்தின் பெல் நிறுவனம். 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில், டாலஸ் நகரில் நடந்த ஹெலிகாப்டர் கண்காட்சியில், பெல் 525 என்னும் புதிய வடிவத்தை அது அறிவித்தது. இரண்டு எஞ்சின்கள், ஐந்து இறக்கைகள், ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட எடை, 16 முதல் 20 பயணிகள் வரை இடம். கடல்மேடைப் போக்குவரத்தே அதன் முக்கியச் சந்தை. வணிகப் பயனுக்கென்றே மின்கம்பிக் கட்டுப்பாட்டோடு வடிவமைக்கப்பட்ட முதல் ஹெலிகாப்டர் இதுதான். கணினி அமைப்பு மூன்று மடங்காக வைக்கப்பட்டது. பழைய நீண்ட பிடிகோல்கள் போய், இருக்கையின் இரு கைப்பிடிகளிலும் குட்டையான பிடிகள் வந்தன. 2015 ஜூலை 1ஆம் நாள் அமரில்லோவில் அதன் முதல் மாதிரி பறந்தது.

ஓராண்டும் ஐந்து நாளும் கழித்து, 2016 ஜூலை 6ஆம் நாள், அதே மாதிரி டெக்சஸில் ஒரு சிற்றூருக்கு அருகே நடுவானில் உடைந்து விழுந்தது. சோதனை விமானிகள் இருவரும் மாண்டனர். அந்தச் சிற்றூரின் பெயர் இத்தாலி.

இந்த விபத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் கம்பி அறுந்தோ, கணினி நின்றோ அது நேரவில்லை. இந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எவருக்கும் முதலில் வரும் பயம் அதுதான். நடந்தது வேறு.

அன்று நடந்த சோதனை, ஓர் எஞ்சின் திடீரென நின்றுபோனால் ஹெலிகாப்டர் எப்படி நடந்துகொள்ளும் என்பது. உண்மையில் எஞ்சினை நிறுத்துவதில்லை. ஓர் எஞ்சின் தரக்கூடிய வலிமை மட்டுமே கிடைக்கும்படி சிறப்பு மென்பொருள் இரண்டு எஞ்சின்களையும் கட்டுப்படுத்தும். குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, கடைசியாக 185 நாட்டிக்கல் மைல் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 343 கிலோமீட்டர் வேகத்தில், அதைச் செய்தார்கள். இன்னொரு ஹெலிகாப்டர் துணையாகப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தது. தரையில் பொறியாளர்கள் வானொலி வழியே வந்த அளவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலிமை குறைந்ததும் விசிறியின் சுழற்சி வேகம் குறைந்தது. இது எதிர்பார்த்ததே. விமானி கலெக்டிவைத் தாழ்த்தி இறக்கைகளின் பாரத்தைக் குறைத்தால் சுழற்சி மீண்டும் ஏறும். அப்படித் தாழ்த்தினார், ஏறவும் செய்தது. ஆனால் ஏறத்தாழ 92 விழுக்காட்டில் அந்த ஏற்றம் நின்றது. ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்பது விசாரணையிலும் தீர்மானிக்கப்படவில்லை. அந்தச் சுழற்சி வேகத்தில்தான் எவரும் முன்கூட்டிக் கணிக்காத ஒன்று தொடங்கியது. அடுத்தடுத்த இறக்கைகள் கத்தரிக்கோலைப் போல நெருங்கியும் விலகியும் அசைந்தன. அதனால் ஹெலிகாப்டரின் உடல் நொடிக்கு ஆறு முறை குலுங்கத் தொடங்கியது.

நொடிக்கு ஆறு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேலும் கீழுமாகக் குலுக்கினால், நொடிக்கு நான்கிலிருந்து எட்டு முறைக்குள் வரும் குலுக்கலில்தான் அது மிகவும் பாதிக்கப்படுகிறது. வயிறும் தோளும் கையும் அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். விமானியின் இடக்கையோ கலெக்டிவ் பிடியில் இருக்கிறது. இருக்கை குலுங்கக் குலுங்க, அவர் விரும்பாமலே கை மேலும் கீழும் ஆடுகிறது; கையோடு பிடியும் ஆடுகிறது. கணினிக்கு அது நடுங்கும் கை என்று தெரியாது. ஏற்று, இறக்கு, ஏற்று, இறக்கு என்று விமானி ஆணையிடுவதாகவே எடுத்துக்கொண்டு, அப்படியே இறக்கைகளின் கோணத்தை மாற்றியது. அதனால் குலுக்கல் கூடியது. குலுக்கல் கூடக் கூடக் கை இன்னும் ஆடியது.

இது ஒரு வளையம். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஹெலிகாப்டரின் சாய்வையும் திசையையும் அறிந்து சொல்லும் உணர்கருவியும் உடலோடு சேர்ந்து குலுங்கியது. உடல் ஆடுகிறது, திருத்து என்று அது கணினியிடம் சொன்னது. கணினியும் திருத்தியது. ஆனால் அறிந்து, கணக்கிட்டு, ஆணையிட்டு, உருளை நகர்வதற்குச் சிறு நேரம் பிடிக்கிறது. ஊஞ்சலில் ஆடும் குழந்தையை நிறுத்த நினைத்துக் கைநீட்டுகிறவர் சற்றுத் தாமதித்துத் தள்ளினால் ஊஞ்சல் நிற்குமா? இன்னும் உயரத்தான் போகும். அதுபோல, தணிக்கப் போன திருத்தமே குலுக்கலுக்குத் தீனியாயிற்று.

வானொலி நிலையத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதன்று. ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் எதிரே கொண்டுபோனால் என்ன ஆகும்? பெருக்கியிலிருந்து வரும் சிறு ஒலி வாங்கிக்குள் நுழைந்து, மீண்டும் பெருகி வெளிவந்து, மீண்டும் நுழைந்து, ஒரு நொடிக்குள் காதைப் பிளக்கும் ஊளையாகிவிடும். ஒலிவாங்கியிலும் பழுதில்லை, பெருக்கியிலும் பழுதில்லை. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. திருமண மண்டபத்தில் அப்படி ஊளையிட்டால் காதைப் பொத்திக்கொள்வோம். அன்று வானில் அதற்கு வழியில்லை.

குலுக்கலில் விமானிகளால் சுழற்சி வேகத்தைக் காக்க முடியவில்லை; அது மேலும் விழுந்தது. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி வேகமாகச் சுழற்றினால் கயிறு விறைத்து நிற்கும். வேகம் குறைந்தால் தொய்யும். விசிறியின் இறக்கைகளும் அப்படியே. சுழற்சி குறைந்து இறக்கைகள் மேலும் கீழும் அளவுமீறி அடித்துக்கொண்டபோது, ஒன்று வால்பகுதியை வெட்டியது. சோதனை தொடங்கியதிலிருந்து இதெல்லாம் நடந்து முடிந்தது சில நொடிகளில்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018இல் தன் முடிவை வெளியிட்டது. கை வழியாகவும் உணர்கருவி வழியாகவும் வந்த இந்த இரண்டு வளையங்களும் குலுக்கலை வளர்த்து நீடிக்கச் செய்தன என்றும், அவை வளராமல் தடுக்கும் பாதுகாப்பு கட்டுப்பாட்டு விதிகளில் இல்லை என்றும் அது கூறியது. வேறு இரண்டு குறைகளையும் எடுத்துச் சொன்னது. சோதனைக்கான அந்தச் சிறப்பு மென்பொருளில், சுழற்சி ஓர் எல்லைக்குக் கீழே போனால் தானாகவே முழு எஞ்சின் வலிமையையும் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. சுழற்சி குறைகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி விமானிக்கு உணர்த்தும் எச்சரிக்கையும் இல்லை. இந்த இரண்டையும் செய்ய உயர்ந்த அறிவியல் எதுவும் தேவையில்லை. ஒரு மணியொலியும், மென்பொருளில் சில வரிகளும் போதும் என்பதுதான் நமக்கு வருத்தம் தருகிறது.

கை நடுங்கினால் பிடி ஆடுவது பழைய தண்டு முறையிலும் உண்டு. இது மின்கம்பி கொண்டுவந்த புது நோய் அன்று. ஆனால் தண்டு முறையில் நீண்ட கம்பிகளின் எடையும் மூட்டுகளின் உராய்வும் சிறு நடுக்கத்தை ஓரளவு விழுங்கிவிடும். குட்டைப் பிடி இலேசானது. அதன் சிறு அசைவும் மின்குறிப்பாகிவிடும். இத்தனை காலமும் குறை என்று எண்ணியிருந்த உராய்வு, ஒருவகையில் காவலாகவும் நின்றிருந்தது. அதை நீக்குகிறவர்கள் அதன் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். கணினியில் அதற்கு வடிகட்டி என்ற வழி உண்டு. விமானி வேண்டுமென்றே செய்யும் அசைவு நிதானமானது. நொடிக்கு ஆறு முறை எவரும் கலெக்டிவை ஏற்றி இறக்குவதில்லை. ஆகவே அந்த விரைவில் வரும் குறிப்பை மட்டும் தணித்து, நிதானமானதை உள்ளே விடலாம். விபத்துக்குப் பின் பெல் நிறுவனம் பிடிகளில் விமானியின் கை எப்படி ஆடுகிறது என்பதைக் குலுக்கிப் பார்த்துச் சோதித்து, பிடியின் குறிப்புக்கும் உணர்கருவியின் குறிப்புக்கும் இத்தகைய வடிகட்டிகளை அமைத்தது. 2017 ஜூலையில் சோதனைப் பறப்புகள் மீண்டும் தொடங்கின.

வடிகட்டுவதற்கும் விலை உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. வடிகட்டும்போது குறிப்பு சற்றுத் தாமதமாகும். தாமதம் கூடினால் ஹெலிகாப்டர் விமானியின் கைக்கு மந்தமாகத் தோன்றும். அவர் அளவுக்கு மீறித் திருத்துவார். அதனால் வேறொரு ஊசலாட்டம் பிறக்கும். எங்கே நடுக்கத்தை நிறுத்துவது, எங்கே விருப்பத்தை விடுவது என்ற எல்லையைக் கண்டுபிடிப்பதில்தான் இத்துறைப் பொறியாளரின் திறமை அடங்கியிருக்கிறது.

பெல் விபத்துக்கு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன், 2015 அக்டோபர் 30ஆம் நாள், இத்தாலி நாட்டில் (இம்முறை நாட்டைத்தான் சொல்கிறோம்) ஏடபிள்யூ 609 என்னும் இயந்திரம் விழுந்து அதன் சோதனை விமானிகள் இருவரும் இறந்தார்கள். விசிறிகளை மேல்நோக்கி வைத்து ஹெலிகாப்டரைப் போல எழுந்து, பிறகு முன்னோக்கிச் சாய்த்து விமானத்தைப் போலப் பறக்கும் வகை அது. அதுவும் மின்கம்பி முறைதான். மிகுந்த வேகத்தில் கீழ்நோக்கிப் பாயும் சோதனையில் பக்கவாட்டு ஊசலாட்டம் ஒன்று தோன்றியது. விமானி அடக்க முயன்றார்; ஊசலாட்டம் வளர்ந்தது. கட்டுப்பாட்டு விதிகள் அமைக்கப்பட்ட விதமும் அதற்குக் காரணங்களில் ஒன்று என்று இத்தாலிய விசாரணை கண்டது.

இன்னொன்று 2020 ஏப்ரல் 29இல் கிரேக்க நாட்டுக்கு அப்பால் அயோனியன் கடலில் நடந்தது. கனடா நாட்டுப் படையின் சைக்ளோன் ஹெலிகாப்டர் தன் கப்பலுக்குத் திரும்பும்போது கடலில் விழுந்து ஆறு பேர் மாண்டார்கள். எஸ் 92 என்னும் வணிக ஹெலிகாப்டரிலிருந்து பிறந்து, மின்கம்பிக் கட்டுப்பாடு பெற்றது அது. அங்கே குலுக்கல் எதுவும் இல்லை. தன்னியக்க வழிநடத்தி இயங்கிக்கொண்டிருக்கும்போதே விமானி கையாலும் ஓட்டினார். இரண்டு ஆணைகளும் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் ஹெலிகாப்டர் விமானி எதிர்பார்த்தபடி திரும்பவில்லை. தண்டு முறையில் கை ஒன்று சொல்லி இயந்திரம் வேறொன்று செய்ய முயன்றால், அந்தப் பிணக்கு பிடியிலேயே இழுப்பாகத் தெரியும். மின்கம்பி முறையில் அந்த உணர்ச்சியை வேண்டுமென்று வடிவமைத்துச் சேர்த்தால்தான் உண்டு.

மூன்று விபத்துகளையும் சேர்த்துக் கேட்கும்போது நேயர்களுக்கு அச்சம் தோன்றலாம். பழைய தண்டே போதுமே என்றும் எண்ணலாம். அது நம் கருத்தன்று. இருட்டில் கடல்மேடையைத் தேடி இறங்கும் விமானிக்கு, கையை விட்டாலும் ஓரிடத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் பெரும் துணை. கண் ஏமாந்தாலும் கணினி சாய்வைச் சரியாகப் பிடித்துவைத்திருக்கும். நாம் சொல்ல வருவது, பயப்பட வேண்டிய இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே. மூன்று கணினிகள் வைத்ததால் ஒன்று நின்றாலும் மற்றவை காக்கும். ஆனால் மூன்று கணினிகளும் ஒரே விதியைப் பின்பற்றி, ஒரே நடுங்கும் கைக்கு ஒருமனதாகக் கீழ்ப்படிந்தால், எண்ணிக்கையால் பயனில்லை. பஞ்சாயத்தில் மூவரும் ஒரே பொய்ச்சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொன்னது போல ஆகிவிடும்.

சான்றிதழ் வழங்கும் அதிகாரிகளுக்கும் இது புதிய பாடம். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் வைத்திருக்கும் பெரிய ஹெலிகாப்டர்களுக்கான விதிகள் தண்டுக் காலத்தில் வகுக்கப்பட்டவை. வேகம் கூடக் கூடப் பிடி முன்னே போயிருக்க வேண்டும் என்ற கருத்து அவற்றில் அடிப்படையாக இருந்தது. பிடியின் நிலையிலிருந்தே வேகத்தை ஓரளவு உணரலாம் அல்லவா? கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பிவிடும் குட்டைப் பிடிக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்? இத்தகைய புதுமைகளுக்குத் தனி நிபந்தனைகளை எழுதிச் சேர்ப்பது அந்நிர்வாகத்தின் வழக்கம். பெல் 525க்கும் அப்படிச் செய்ய நேர்ந்தது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் சோதனை. 2012இல் அறிவித்த ஹெலிகாப்டர் பத்தாண்டு கடந்த பிறகும் சான்றிதழுக்குக் காத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழுதுபார்க்கும் கூடத்திலும் வேலை மாறுகிறது. தண்டைப் பிடித்து அசைத்து, மூட்டில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று விரலால் அறிந்தவர், மின்கம்பி ஹெலிகாப்டரில் கணினித் திரையைத் திறந்து எந்த உணர்கருவி மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை என்று படிக்க வேண்டும். இணைப்பிகளில் உப்புக்காற்று ஏறியிருக்கிறதா, கம்பியின் உறை எங்கேனும் உராய்ந்திருக்கிறதா, மின்னலும் வானொலி அலைகளும் புகாதபடி சுற்றியிருக்கும் காப்பு வலை சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அவருடைய கவனத்துக்கு வரும். கடலோரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு உப்பு பழைய எதிரி. தண்டில் அது துருவாகக் கண்ணுக்குத் தெரிந்தது; இணைப்பியின் உள்ளே அது தெரியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் விமானப் பராமரிப்புப் படிக்கும் மாணவர்களுக்கு ஹைட்ராலிக் குழாயோடு மின்குறிப்பையும் கற்றுக்கொடுப்பது இதனால்தான்.